சோலார் பேட்டையில் என் சோத்துக்கடை

சோத்துக்கடை வைத்திருக்கிறவள் அடுப்பைவிட வாசலைத்தான் ஜாஸ்தி பார்ப்பாள். உலை வைத்துவிட்டு ஆளுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது புரியும். திருவண்ணாமலைக்கு வெளியே, செங்கம் ரோட்டில், வெயிலில் தண்ணி காயவைக்கிற டேங்கும் சோலார் விளக்கும் செய்கிற தொழிற்பேட்டை வந்தபோது, கேட்டுக்கு எதிரே கொட்டகை போட்டேன். என் வீட்டுக்காரர் பெங்களூரில் கொத்தனார். தீபத்துக்கும் பொங்கலுக்கும்தான் வீடு. "பேட்டை நிக்குதான்னு பாரு. நின்னா மூட்டையைக் கட்டிக்கினு வந்துடறேன்"னு சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அதனால் அங்கே ஒரு ஷெட்டு கதவு சாத்தினாலும் கரண்டியோடு வாசலுக்கு ஓடுவேன்.

பௌர்ணமி சாம்பார்

முதல் பௌர்ணமிக்கு ஒரு குண்டான் சாம்பார் வைத்தேன். ஒரு ஆள்கூட வரல. காலி ஷெட்டைப் பார்த்துவிட்டு மெட்ராஸ் மேனேஜர் ஓடிவந்தார். "ஏம்மா, ஸ்டிரைக்கா?"

அப்புறம் அவர் பௌர்ணமியை லீவாக்கி, ஞாயிற்றுக்கிழமையில் ஈடுகட்டச் சொன்னார். விளக்குக்கு ஈயத்தால் ஒயர் பத்தவைக்கிற, அடி அண்ணாமலை ஊர்க்காரி ராணி, மறுநாள் அவர் முகத்துக்கு நேரே கேட்டதுதான் காரணம்: "சார், மாசத்துல ஒரு நாள் ஜனமெல்லாம் எங்க தெரு வழியா மலை சுத்துது. அன்னிக்குக் கடை போடாம உங்களுக்கு ஒயர் பத்தவெச்சா, எங்க மாமியார் என்னை வீட்ல சேக்குமா?"

பொட்டு

ஆயுத பூஜைக்கு ராணியும் மத்த பொண்ணுங்களும் சோலார் தகடு ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தார்கள். நானும் கூட நின்று வைத்தேன். லாரியில் ஏற்றவேண்டிய சரக்கு அது. பூஜை முடிந்து, வாங்குகிற பார்ட்டி வந்து வெயிலில் வைத்துப் பார்த்தால், மீட்டர் முள் பாதியிலேயே நிக்குது. "இந்தச் சரக்கு வேணாம்"னு அவர் ஜீப் பக்கம் திரும்பிட்டார். என் கண்ணுக்கு பெங்களூர் பஸ்தான் தெரிந்தது.

இஞ்சினியர் தம்பி குனிந்து தகட்டைத் தடவினார். விரலெல்லாம் சந்தனம். ஈரத்துணியும் முந்தானையுமாக அத்தனை பேரும் விழுந்து துடைத்தோம். முள் மேலே ஏறியது; ஜீப்பும் நின்றது. அந்தத் தம்பி ஒரு வார்த்தைகூட திட்டல. "முன்பக்கம் சூரியன் பார்க்கணும்மா. அடுத்த வருஷம் பின்பக்கம் வைங்க, சாமி அங்கயும் இருப்பாரு."

மொட்டை மாடி

ஆசிரமத்துப் பக்கம் லாட்ஜுக்கு லாட்ஜ் டேங்கு கேட்டார்கள். மாடியில் அதை நிறுத்த மேடை கட்ட ஆள் கிடைக்கலன்னு மேனேஜர் சாப்பிடும்போது புலம்பினார். "எங்க வீட்டுக்காரர் இருக்காரு சார்!" கரண்டியைப் போட்டுவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன்.

மூட்டையோடு வந்தார். முதல் மேடை கட்டின மதியம் சோறு எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கையில் கலவை காய்வதுகூடத் தெரியாமல் மலையைப் பார்த்து நின்றிருந்தார். நான் வந்ததைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "பெங்களூர்ல எத்தனையோ மாடி கட்டினேன்டி. எதுல ஏறி நின்னாலும் நம்ம மலை தெரியல."

ஊர் லாட்ஜுக்கெல்லாம் வெயிலில் வெந்நீர் வரவைத்த மனுஷன், தான் குளிக்க மட்டும் இன்னிக்கும் நான் விறகடுப்பில் காயவைத்த தண்ணிதான் வேணும் என்கிறார்.