அக்காவும் படைக்குப் போன குதிரையும்

எங்கள் குடும்பத்தின் மூத்தவரான என் ஒரே அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை அச்சிடக் கொடுத்த இடத்தில், "அன்பே உருவானவர், அமைதியின் இருப்பிடம்" என்று தொடங்கும் மாதிரிக் கட்டுரை ஒன்றைக் காட்டி, ஊரையும் உறவுமுறையையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அக்கா அதைப் படித்திருந்தால் அச்சகத்துக்கே நடந்து போய்ச் சண்டை பிடித்திருப்பார். அன்பு அவரிடம் இருந்தது. அதை வெளியே காட்டுவதைக் கேவலமாக நினைத்தார். அமைதியாக அவரை நான் பார்த்தது மிகவும் அரிது.

அக்கா பிறந்தது பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா தோட்டத்தை நடத்திய தொரையின் குதிரைக்காரர், அம்மா கொழுந்து பறித்தார். நான் பிறந்து சில காலத்தில் அம்மாவும், பிறகு அப்பாவும் போய்ச் சேர, அக்காவின் தலையில் இரண்டு பொறுப்புகள் விழுந்தன. ஒன்று நான், மற்றது குதிரை. எது பெரிய தொல்லை என்று கேட்டவர்களிடம், "குதிரை சொன்னா கேக்கும்" என்பார்.

குதிரையின் பெயர் சுல்தான். நுவரெலியாப் பந்தயத்தில் ஓடிக் கடைசியாக வந்தது என்று அப்பா சொல்வாராம். பழைய தொரை மகளுக்காக அதை வாங்கிவந்தார். சொந்த ஊருக்குத் திரும்பியபோது மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். புதுத் தொரைக்கு ஜீப் போதும். ஆகவே அந்த உயர்குடிப் பிராணி எங்கள் குடும்பச் சொத்தாயிற்று.

சுல்தானுக்கு ஒரு குணம். அடித்தால் நிற்கும். கெஞ்சினால் படுத்துவிடும். ஏசினால்தான் நடக்கும். அக்கா அதன் பரம்பரையையே இழுத்து வைத்து ஏசிக்கொண்டு முன்னே போக, அது தலையை ஆட்டியபடி பின்னால் வரும். ஏச்சு நின்றால் அதுவும் நின்றுவிடும்.

அது யுத்த காலம். எங்கள் தோட்டத்து மலையுச்சியில் ஏதோவொரு கோபுரம் இருந்தது. அதைக் காக்க ஒரு படைப்பிரிவு வந்து முகாம் போட்டது. துப்பாக்கி, மணல்மூட்டை, முள்கம்பி, கரம் ஆடும் பலகை எல்லாவற்றையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான், மேலே தண்ணீர் இல்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். நாட்டைக் காக்க வந்த மூளைகள் அவை. ஜீப் ஏறாத பாதை. எனவே சுல்தானைப் படைக்கு எடுத்தார்கள்.

முதல் நாள் ஒரு சிப்பாய் படத்தில் பார்த்தபடி தாவி ஏறி உட்கார்ந்தான். சுல்தான் அவனைத் தேயிலைச் செடிக்குள் இறக்கிவிட்டது. அடுத்தவன் அடித்தான், அது நின்ற இடத்திலேயே மத்தியானம்வரை நின்றது. பிறகு அக்காவைக் கூட்டிப்போக ஆள் வந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் லயத்துப் பீலியில் விழும் ஊற்றுத்தண்ணீரைக் கேன்களில் நிரப்பி, குதிரையின் இருபுறமும் கட்டி, ஏசிக்கொண்டே மலையேறினார். குதிரைக்கு முகாமில் கடலையும் கரட்டும் கிடைத்தன. அக்காவுக்குத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அரை நாள் சம்பளம்தான் போட்டார்.

"குதிரைதானே சுமக்குது, நீ சும்மாதானே கூடப் போற?"

"அப்ப நாளைக்கு நீங்க சும்மா கூடப் போங்க. அது உங்களையும் ஏசச் சொல்லும்," என்றார் அக்கா. அந்தக் கணக்கப்பிள்ளை பின்னாளில் சமூக சேவைக்காகப் பொன்னாடை போர்த்திக்கொண்டார்.

வழியில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. தடையின்றிப் போய்வரச் சுல்தானுக்கு முத்திரை குத்திய அட்டை ஒன்றைக் கழுத்தில் கட்டிவிட்டார்கள். பதினெட்டு வயது தாண்டிய எனக்கு அடையாள அட்டை கிடையாது. பலமுறை விண்ணப்பித்தும் வரவில்லை. நாட்டுக்குத் தேவை எது, தேவையில்லாதது எது என்பதில் அரசாங்கம் தெளிவாகத்தான் இருந்தது.

எங்கோ தொலைவில் குண்டு வெடித்ததாக வானொலி சொன்ன மறுநாள், லயங்களைச் சுற்றி வளைத்தார்கள். மற்ற இளைஞர்கள் புத்தியாக வரிசையில் நின்றார்கள். நான் ஓடினேன். ஓடினால் சுடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தச் செய்தி கால்களுக்குப் போய்ச் சேரவில்லை. குதிரைக் கொட்டகைக்குள் புகுந்து, சுல்தானுக்குப் பின்னால் குந்தி, தலைமேல் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டேன். சிப்பாய்கள் எட்டிப் பார்த்த நேரத்தில் சுல்தான் திரும்பி, அந்தச் சாக்கைப் பல்லால் கவ்வி இழுத்தது. படையில் சேர்ந்த பிறகு அதற்குக் கடமையுணர்ச்சி வந்திருந்தது.

என்னையும் இன்னும் சிலரையும் மேலே கொண்டுபோனார்கள். விசாரணை சிங்களத்தில் நடந்தது. கடையில் சாமான் வாங்குமளவுக்கு எனக்கும் சிங்களம் தெரியும். பயத்தில் அதுவும் போய்விட்டது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் காலங்காலமாக எங்கள் ஆட்களுக்குப் பழகியிருந்தது ஒன்றுதான்: மேலே இருப்பவர் என்ன சொன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க தொரை". நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன்: ஒவ், அதாவது ஆமாம்.

"இயக்கத்தில் இருக்கிறாயா?"

"ஒவ் சேர்."

"ஆயுதப் பயிற்சி எடுத்தாயா?"

"ஒவ் சேர்."

"எங்கே எடுத்தாய்?"

"ஒவ் சேர்."

எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அரசாங்கத்தைச் சேர்ந்த ஒருவன் என்னை மரியாதையோடு பார்த்தது அதுவே முதல்முறை. நான் ஒத்துக்கொண்டது என்ன என்பதை, என்னோடு பிடிபட்டுப் பக்கத்தில் இருந்தவர் காதோடு சொன்ன பிறகுதான் அறிந்தேன். மறுநாள் என்னைப் பதுளைக்கு அனுப்புவதாக முடிவாயிற்று. அங்கிருந்து எங்கே என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்பதில்லை. போன சிலர் திரும்பவில்லை என்பது மட்டும் தெரியும்.

கீழே தொழிற்சங்கத் தலைவர், "மேலிடத்தில் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். உறவினர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இம்மலரைக் கையில் வைத்திருக்கும் சிலருக்கு அந்தக் கதவுகள் ஞாபகம் இருக்கும். எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தால் கதவைச் சாத்தியபின் கட்டிலுக்கடியிலும் போயிருப்பேன்.

காலையில் வழக்கம்போல அக்கா தண்ணீரோடு வந்தார். அவருடைய சிங்களம் பண்டாரவளைச் சந்தையில் கற்றது. எதைப் பேசினாலும் விலை குறைக்கக் கேட்பது போலிருக்கும். அவர்கள் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"உன் தம்பி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்," என்றார் முகாம் அதிகாரி.

"எதை?"

"புலின்னு."

அக்கா, சந்தையில் அழுகிய முட்டைக்கோவாவைப் பார்ப்பது போல என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுவா? சேர், இது கரப்பான்பூச்சியக் கண்டா கட்டில் மேல ஏறுற ஜென்மம். இதைச் சேர்த்திருந்தா அவங்க எப்பவோ தோத்திருப்பாங்க."

ஒரு சிப்பாய் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. "அவன் வாயால சொன்னான். எழுதியிருக்கு."

"என்ன கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லும். நீ குதிரையான்னு கேளுங்க."

"விளையாடுறியா?"

"கேளுங்க சேர். காசா பணமா?"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீ குதிரையா?"

"ஒவ் சேர்," என்றேன், கையைக் கட்டிக்கொண்டு, பணிவாக.

"உனக்கு நாலு காலா?"

"ஒவ் சேர்."

முகாமே சிரித்தது. அதிகாரியும் வாயைப் பொத்திக்கொண்டார். சுல்தான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கூட்டிக்கிட்டுப் போ," என்றார் அதிகாரி. "இனிமே இவனும் தண்ணி சுமக்கட்டும்."

"வேணாம் சேர். தண்ணி வந்து சேராது."

அன்று மேலே இருந்த எல்லோருக்கும் அப்படியோர் அக்கா வாய்க்கவில்லை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் வளைவுவரை அக்கா என்னையும் குதிரையையும் சேர்த்து ஏசிக்கொண்டு வந்தார். யாருக்கு எந்த ஏச்சு என்று பிரிக்க முடியாது. முகாம் கண்ணுக்கு மறைந்ததும் ஏச்சு நின்றது. சுல்தானும் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அக்கா குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்து, பிடரிமயிரை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். விரல்கள் இறுகிப்போய் அவராலேயே விரிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக நான்தான் விரித்துவிட்டேன்.

"அக்கா, என்னாச்சு?"

"ஒன்னும் ஆகல. வாயை மூடிக்கிட்டு நட."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நிக்கிறதப் பாரு, பென்சன் வாங்கின தொரை மாதிரி!" என்றார். சுல்தான் நடந்தது.

பின்னர் முகாமைக் கலைத்துக்கொண்டு போனார்கள். போகும்போது குதிரையின் கழுத்து அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். குதிரை எப்படி இருக்கிறது என்று ஒருவனும் கேட்கவில்லை. சுல்தான் கிழடாகிக் கொட்டகையிலேயே இறந்தது. குழி வெட்டியவர்களை அக்கா அன்று முழுக்க ஏசினார். பெண் பார்க்க வந்தவர்களை அவர் பார்த்த பார்வையில் யாரும் மறுமுறை வரவில்லை. கொழுந்து பறித்தே எனக்குப் பதுளையில் ஒரு சிறு கடை வைத்துக் கொடுத்தார். கல்யாணம் செய்துவைத்தார். என் பிள்ளைகளைத் திட்டித் திட்டி ஆளாக்கினார். மூச்சுத் திணறல் வந்த பிறகும் எங்களோடுதான் இருந்தார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும், பக்கத்துக் கட்டில்காரருக்குக் கஞ்சி குடிக்கும் முறை சரியில்லை என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி நன்றிகள். பூதவுடலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக மழையிலும் லொறி ஓட்டியவருக்கும், இறுதிக் கிரியைகளில் உதவிய லயத்து இளைஞர்களுக்கும், கடைவீதி முஸ்லிம் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மேடை கிடைத்ததென்று நீண்ட நேரம் பேசிய பிரமுகர்களுக்கு, பேச்சை ஒருவழியாக முடித்தமைக்காக நன்றி.

கடைசியாக, பெயர் கேட்க மறந்த அந்த ஆஸ்பத்திரித் தாதிக்கு. அன்று வைத்தியர் பேசிய தோரணையிலேயே விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற கோலத்தில், நோயாளி யார் என்றே வந்தவர்களுக்குக் குழப்பம். அக்கா கண்ணைத் திறந்து பார்த்தார்.

"இங்க நின்னு என்னத்தைப் புடுங்கப் போற? உன் மூஞ்சியப் பார்த்தா நல்லா இருக்கிறவனும் செத்துருவான். போய் ஒரு டீ குடிச்சிட்டு வா."

போனேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. அந்தத் தாதிதான் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்:

"தம்பி போயிட்டானா, போயிட்டானான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்து, போயிட்டாருன்னு சொன்னேன். அதுக்கப்புறந்தான் கண்ணை மூடுனாங்க."