தூக்கிவிட வந்தவர்கள்

மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரையில், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்காக அலை வரைக்கும் மரப்பாதை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, செங்கல்பட்டிலிருந்து ஆசையாய்ப் போனேன். பாதையின் கதவில் பூட்டு.

"தொறந்து வெச்சா பைக்கு உட்டுர்றாங்க மேடம். சாவி ஆபீசுல கீது," என்றார் காவலாளி.

பக்கத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் எழுந்து வந்தார். "சாவி இன்னாத்துக்குக்கா? நாங்க நாலு பேரு தூக்கினு போய் உட்டுர்றோம்."

பஸ், வங்கி, கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் இப்படித்தான் என்னை மூட்டை மாதிரி தூக்கியிருக்கிறார்கள். இடுப்பில் யார் யார் கையோ படும். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்வேன். அன்றும் சொல்ல வாயெடுத்தபோதுதான், பூட்டிய கதவுக்கு உள்ளே, மரப்பாதை மேலேயே ஒரு பைக் நிற்பதைப் பார்த்தேன்.

"அது யாருது?"

காவலாளி நெளிந்தார். "என்னுதுதான் மேடம். உள்ள கொஞ்சம் நெழலு..."

"அது எப்படி உள்ள போச்சு? நாலு பேரு தூக்கி வெச்சாங்களா?"

காவலாளி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார்.

"ஹெல்ப் பண்ண வந்தா இன்னா கோவம் வருது பாரு," என்று கடைக்காரர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. சக்கரத்தை நானே உருட்டிக்கொண்டு அலை வரை போனேன். திரும்பும்போது யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

இப்போதெல்லாம் யாராவது என்னைத் தூக்க வந்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.