பாம்பு பிடிக்கப் போன அக்காவும் நான் போட்ட டீயும்

காலையில் திருப்போரூரில் பஸ்ஸுக்கு நின்றபோது, முதல்முறையாக செல்வி அக்கா கடையில் டீ சொன்னேன்.

அக்காவுக்கு போன் வந்தது. "இன்னாது, வாஷிங் மிஷினுக்குள்ளயா? யாரும் கிட்ட போவாதீங்க, தோ வரேன்!"

கரண்டியை என் கையில் திணித்தார். "தம்பி, பால் பொங்காம பாத்துக்க."

சாக்குப்பையும் நீளக் கம்பியுமாக ஸ்கூட்டியில் பறந்துவிட்டார்.

விழித்துக்கொண்டு நின்ற என்னிடம் ஆட்டோக்காரர் ஒருவர் விளக்கினார்: "இந்தப் பக்கம் எந்த வூட்ல பாம்பு வந்தாலும் அக்காவுக்குத்தான் போன் வரும். அக்கா கிளம்புனா, அடுப்புக்குக் கிட்டக்க நிக்கிறவன்தான் டீ போடணும். அதான் நாங்கல்லாம் தள்ளி பெஞ்சுல குந்திகினு கீறோம்."

என் பஸ் போய்விட்டது. ஒன்பது பேருக்கு டீ போட்டேன்.

அரை மணி நேரத்தில் அக்கா வந்தார். கையில் இருந்த சாக்கு நெளிந்தது.

"நல்ல பாம்பு. வெயில் தாங்காம உள்ள பூந்துகீது, பாவம். காட்டுல வுட்டுரலாம்."

சாக்கைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, நான் போட்ட டீயை ஒரு வாய் குடித்தார். முகம் மாறியது.

"இன்னா தம்பி, பாம்புகூட இவ்ளோ பேஜாரு பண்ணலியே!"

குடித்த ஒன்பது பேரில் யாராவது இதைப் படித்தால், மனசாட்சியோடு சொல்லுங்கள்: அவ்வளவு மோசமா?