தண்டவாளத்துக்கு வார்னிஷ்

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. மற்றவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கிற சிரமம் மிச்சம். ஓடவேண்டிய ஒரு ரயிலின் தண்டவாளத்துக்கு இரண்டு கோட் வார்னிஷ் அடித்தவன் நான். அதுவும் ஏனோதானோவென்று அல்ல. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு துளி வழியாமல், அப்பா அடிக்கிற முறைப்படி அடித்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதில் முட்டாளாக இருக்க எந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு. நான் அந்த உரிமையில் ஒரு துளியைக்கூட வீணாக்கவில்லை.

ஆள் ஏறுகிற ரயில் இல்லை. விளையாட்டு ரயில்தான். ஆனால் பெருநாள் கடையில் தொங்குகிற சாவி முறுக்கும் சாமானும் இல்லை. எஞ்சின் மட்டும் எங்கள் வீட்டுப் பூனையளவு நீளம். தூக்க இரண்டு கை வேண்டும். தோட்டத்தில் ஓடவிடுவதற்கென்றே எந்தக் குளிர்நாட்டிலோ செய்தது. சண்டை முடிந்து, நிலாவெளி ஹோட்டல்கள் ஒவ்வொன்றாகத் துடைத்துத் திறந்த காலம் அது. அங்கே ஒரு ஹோட்டல் முதலாளி, நாட்டைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் இந்த ரயிலைப் பழைய சாமானாக வாங்கியிருந்தார். மூன்று அட்டைப்பெட்டி நிறையச் சாமான். ஒரு காகிதம் இல்லை. கரன்ட் கொடுக்கிற கருவியும் இல்லை. யாராலும் அதை ஓட்ட முடியவில்லை.

அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் சின்னம்மா. அம்மாவின் தங்கை, தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சார வேலை படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் ஊராரின் மின்விசிறிகளையும் அயன்பொக்ஸ்களையும் திருத்திக்கொண்டிருந்தார். ஹோட்டலுக்கு ஒரு எலக்ட்ரீசியன் தேவை என்று கேள்விப்பட்டுப் போனபோது, மனேஜர், கிண்ணியா ஊர்க்காரர், நல்ல மனிதர், தலையைச் சொறிந்தாராம்.

"தங்கச்சி, பொம்புளப் புள்ளய எடுக்க முதலாளி விரும்பமாட்டாரு. இந்த ரயில ஓடவச்சுக் காட்டுங்க. அதுக்குப் பொறகு நான் கதைக்கிறன்."

வீட்டில் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. மாமா, அதாவது அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்த அண்ணன், சுவிஸில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் படம் எங்கள் அலுமாரியில் இருந்தது. பனிக்குள் நின்றதால் மூக்கு மட்டும் தெரிந்தது. சின்னம்மா சம்மதித்து ஓம் சொல்லவில்லை. கடைசியில் மாமா ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"சரி பிள்ளை, உன்ர இந்த ரயில் கோச்சி ஓடினா நான் இந்தக் கதையை விடுறன். ஓடாட்டி நீ ஓம் எண்டு சொல்லவேணும். பிறகு அழக்கூடாது."

"ஓடும் அண்ணா," என்றார் சின்னம்மா. "உங்கட வான் வண்டியின்ர பழைய பற்றரியை மட்டும் தாங்கோ."

மாமா சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஓடாது என்பதில் அவ்வளவு நம்பிக்கை.

ஒரு மாதம் எங்கள் விறாந்தை பிரேதப் பரிசோதனை அறையாக இருந்தது. சின்னம்மா முதலில் என்ன சாமான் என்று கண்டுபிடித்தார். தையல் நாடாவால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அளந்தார்: நாலரை சென்ரிமீற்றர். ரயில்பெட்டிகளைக் கவிழ்த்து அடியில் இருந்த எழுத்துக்களைப் பார்த்துக் கொப்பியில் எழுதினார். ஐந்து பெட்டிகளில் இரண்டு வேறு கம்பனி. கொக்கிகள் ஒன்றோடொன்று கொளுவவில்லை. அவற்றுக்குக் கம்பி வளைத்துப் புதுக் கொக்கி செய்தார். எஞ்சினைக் கழற்றினால் உள்ளே பழைய கிறீஸ் கருப்பட்டிபோல இறுகிக் கிடந்தது; அச்சில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் பொன்னிற முடி சுற்றியிருந்தது. எல்லாவற்றையும் துடைத்து, தையல் மெசின் எண்ணெயில் ஊசிமுனை தொட்டு, பல்சில்லுக்கு ஒரு சொட்டு வைத்தார். மோட்டருக்குள் தேய்ந்திருந்த கரித்துண்டுகளுக்குப் பதிலாக, உடைந்த கிரைண்டர் ஒன்றின் கரியை அரத்தால் ராவிப் பொருத்தினார்.

தண்டவாளம் பித்தளை. உப்புக்காற்றில் கறுத்து, மூட்டுகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அதை மினுக்க என் பென்சில் அழிறப்பர்கள் எல்லாம் பறிமுதல் செய்யப்பட்டன. பள்ளிக்கூடத்தில் பிழையாக எழுதிய எதையும் ஒரு மாதம் என்னால் அழிக்க முடியவில்லை. அது என் பரீட்சைப் புள்ளிகளில் தெரிந்தது என்று சொல்ல ஆசைதான், முன்பும் அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை, கதிரைகளைச் சுற்றி வளையமாகத் தண்டவாளம் பூட்டி, பற்றரி வயரைத் தொடுத்தார். எஞ்சின் ஒருமுறை உறுமி, நகர்ந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக இழுபட்டன. அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார். சின்னம்மா கையைத் தட்டவில்லை, சிரிக்கவுமில்லை. சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டார். ரயில் இருபது சுற்றுச் சுற்றும்வரை எழும்பவே இல்லை. அடுத்தநாள் முதலாளிக்கு ஓட்டிக்காட்ட வேண்டும்.

அன்று பின்னேரம் சின்னம்மா மாதா கோவிலுக்குப் பாட்டுப் பழகப் போனார். கழற்றிச் சாக்கில் கட்டிவைத்திருந்த தண்டவாளத் துண்டுகளை நான் அவிழ்த்துப் பார்த்தேன். பொன்போல மின்னின. எனக்குப் பயம் வந்தது. நிலாவெளி என்றால் கடற்கரையோரம். இரண்டு நாளில் மறுபடி கறுத்துவிடுமே?

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா துறைமுகத்தில் பெயின்ற் அடிக்கிறவர். கேற், யன்னல் கம்பி, என் சைக்கிள், கிணற்று வாளியின் கைபிடி எல்லாம் வருடத்துக்கொரு கோட் வாங்கும். எங்கள் ஒழுங்கையில் இரும்பைப் பூச்சால் மூடாமல் விட்டவரை, பிள்ளையைப் பட்டினி போட்டவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பூச்சு ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அப்பாவின் தகரங்களுக்குள் சீக்கிரம் காய்கிற நிறமில்லாத வார்னிஷ் இருந்தது. பதினாறு துண்டுக்கும் மேலும் கீழும் அடித்தேன். வெயிலில் வைத்தேன். இன்னொரு கோட். காய்ந்ததும் பழையபடி சாக்கில் போட்டுக் கட்டினேன். எங்கள் வீட்டில் எப்போதும் வார்னிஷ் மணம்தான். யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. ரயில் ஓடி முடிந்ததும் சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்று இருந்தேன்.

ஞாயிறு பூசை முடிய, மாமாவின் வானில் போனோம். புல்வெளியில் சின்னம்மா தண்டவாளத்தைப் பூட்டினார். முதலாளி, அவருடைய மனைவி, கொழும்பிலிருந்து வந்த விருந்தினர் நாலுபேர் கதிரை போட்டு இருந்தார்கள். வயரைத் தொடுத்தார்.

எஞ்சின் அசையவில்லை.

பற்றரியைப் பார்த்தார், நல்லாக இருந்தது. எஞ்சினைத் தூக்கி நேரே வயரைத் தொட்டார். சில்லுகள் காற்றில் சுற்றின. கீழே வைத்தால் செத்துக் கிடந்தது. பதினாறு மூட்டுகளையும் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டினார். நெற்றி வியர்வை பித்தளையில் விழுந்தது. தன் கையால் மினுக்கிய தண்டவாளத்தை மட்டும் அவர் சந்தேகிக்கவில்லை. அது அப்படி மின்னியது. பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"நீ இதில ஏதும் செய்தனியோ?"

குரலில் கோபம் இல்லை. ஆனால் பக்கத்தில் மாமா நின்றார். மாமாவின் கை பெரியது. "இல்லை," என்றேன்.

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையிலிருந்து தப்ப எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. முதலாளியைப் பார்த்துச் சொன்னேன்: "சேர், உங்கட ஸ்டேசன் நல்ல வடிவு. கோச்சிக்கு வெளிக்கிட மனமில்லைப் போல."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். மனைவி சிரித்தார், விருந்தினர் சிரித்தார்கள், மாமா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பெரியவர்கள் கூட்டமாக என் பகிடிக்குச் சிரித்தது அதுதான் முதல்தடவை. எனக்கு உடம்பெல்லாம் இனித்தது.

முதலாளி எழும்பினார். "பரவாயில்ல தங்கச்சி, முயற்சி செய்தீங்கதானே," என்று சொல்லிவிட்டு விருந்தினரைச் சாப்பிடக் கூட்டிப்போனார். மனேஜர் நிலத்தைப் பார்த்தார். திரும்பி வரும்போது வானில், மாமா ஒன்றும் கேட்கவில்லை. சின்னம்மாவே "ஓம்" என்றார். அடுத்த மூன்று ஞாயிறும் கோவிலில் கலியாண ஓலை வாசித்து, தடை உண்டோ என்று கேட்டார்கள். யாருக்கும் தடை சொல்லத் தோன்றவில்லை.

மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சில்லு வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது என்பதையும், வார்னிஷ் தன் வழியாகக் கரன்டை விடாது என்பதையும் விஞ்ஞானப் பாடத்தில் படித்தபோது எனக்குப் பதின்மூன்று. ஆசிரியர் கடத்தி, காவலி என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். நான் வாந்தி வருகிறது என்று சொல்லி வெளியே போனேன். ரயிலை அந்த ஹோட்டலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். நிலாவெளி முழுக்க உப்புக்காற்று தின்னாத ஒரே உலோகம் அந்தத் தண்டவாளம்தான். என் வேலை சுத்தம்.

ஆனால் வார்னிஷ் அல்ல என் பெரிய பிழை. சின்னம்மாவின் பையில் உப்புத்தாள் இருந்தது. நான் ஓம் என்றிருந்தால், அங்கங்கே சுரண்டி, கால் மணித்தியாலத்தில் ஓடவைத்திருப்பார். அவர் என்னைக் கேட்டபோது குற்றவாளியைத் தேடவில்லை, பழுதைத் தேடினார். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது விளங்கவில்லை. வாங்கவேண்டிய ஒரு அறைக்குப் பயந்து, பகிடி விட்டேன்.

அதே பழக்கம் இன்றும் போகவில்லை. இந்தக் கதையை நான் கலியாண வீடுகளில் சொல்வேன். வார்னிஷ் அடிப்பதை நடித்துக் காட்டுவேன், மாமாவின் சிரிப்பைச் சிரித்துக் காட்டுவேன். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். சின்னம்மாவுக்கு மட்டும் சொன்னதில்லை. சுவிஸில் அவருக்கும் ஹோட்டலில்தான் வேலை, பாத்திரம் கழுவுகிறார். அந்த மூக்குக்காரர் நல்லவர் என்று யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

போன மாதம் தொலைபேசியில், எப்படியாவது சொல்லிவிடுவது என்று தொடங்கினேன். வேறு விதமாகச் சொல்லத் தெரியாததால், சபைக்குச் சொல்வதுபோலவே சொன்னேன். சிரிப்பு வருகிற இடங்களில் நிறுத்தி நிறுத்தி. அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"இதை வேற ஆக்களுக்கும் சொன்னனியோ?" என்று கேட்டார்.

"ஓம் சின்னம்மா," என்றேன். "கலியாண வீடுகளில இதுதான் என்ர பெரிய கதை."

"எல்லாரும் நல்லாச் சிரிச்சவையோ?"