முதுகு காட்டிக் குடித்த இலையுதிர்கால பியர்

சுவிட்சர்லாந்துக்கு பியர் ருசி பார்க்க வரப்போகும் மருமக்களே, வாசிப்பதற்கு முன் ஒருமுறை எழுந்து நின்று மரியாதை செய்யுங்கள். எண்பத்தாறாம் ஆண்டிலேயே இந்த நாட்டு பியருக்கெல்லாம் புள்ளி போட்ட மாமேதை பேசுகிறேன். புள்ளி போட்டது ஒரேயொரு ஆலையில்தான் என்பதை நீங்கள் பெரிதுபடுத்தக் கூடாது.

அப்போது நான் வின்டர்தூரில் ஓர் உணவகத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். கோப்பை கழுவியவன் சிவபாலன், என்னைவிடப் பத்து வயது இளையவன். ஐப்பசியோடு உணவகத்தைப் பூட்டப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு ஓர்லிகோனில் வேறு இடம் கிடைத்துவிட்டது, சிவபாலனுக்கு ஒன்றுமில்லை. வேலை போனால் பழையபடி அகதி முகாமின் அடுக்குக் கட்டில்தான்.

எங்களுக்கு பியர் கொண்டுவந்து இறக்கியவர் எர்ன்ஸ்ட். த்யோஸ் பள்ளத்தாக்கில் சின்ன பியர் ஆலை வைத்திருந்தார். வயது அறுபதுக்கு மேல். மீசை மட்டும் இரண்டு கிலோ இருக்கும். நிலவறை வேலைக்கு ஆள் தேடுவதாகச் சொன்னார். நான் சிவபாலனைச் சொன்னேன். "சனிக்கிழமை வரச் சொல்லு. என்ர பியரைக் குடிக்கட்டும். என்ர பியர் பிடிக்காத ஆளோட என்னால வேலை செய்ய ஏலாது." அவர் ஜெர்மனில் சொன்னதை நான் நம்முடைய பாஷையில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஆக, உலகத்திலேயே பியர் குடிப்பதை நேர்முகப் பரீட்சையாக வைத்த முதல் வேலை அது. மொழிபெயர்ப்பாளராக நான் போனேன். வேறு எந்த ஆசையும் இல்லை, நம்புங்கள்.

காலை ரயில். இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணித்தியாலம். போக வர ஏறக்குறையப் பத்து பிராங்க். இறங்கியதும் அரை மணி நேர ஏற்றம். இமயமலையை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் தேவையில்லை. மஞ்சளும் சிவப்புமாக மரங்கள் எரிந்துகொண்டு நின்றன. சிவபாலன் அவற்றைப் பார்க்கவேயில்லை.

"அண்ணை, பியர் கசந்தா முகத்தைச் சுழிச்சுப் போடுவனோ?"

"சுழிச்சா சிரிச்சு மாத்து. ஊரில உன்ர மாமியாற்ற சமையலைச் சாப்பிட்டனியெல்லே?"

"ஓம், அதுவும் சரிதான்."

நிலவறையில் எங்கள் மூவரையும் தவிரப் பீப்பாய்கள் மட்டுமே. முதலில் வெளிர் பியர். எர்ன்ஸ்ட் குவளையை உயர்த்தி, கண்ணுக்குள் பார்த்து, "ப்ரோஸ்ட்!" என்றார். நான் குடித்தேன்: மழைத் தண்ணீருக்குப் பட்டுச் சட்டை போட்டதுபோல. பத்துக்கு ஆறு. அடுத்தது கறுப்பு பியர்: பாண் ரொட்டி கருகிய வாசம், பின்னால் ஒரு மெல்லிய இனிப்பு. பத்துக்கு எட்டு. மூன்றாவது இலையுதிர்கால பியர். வருடத்தில் சில வாரம் மட்டும் ஊற்றுவது, தேன் நிறம். ஒரு மிடறு உள்ளே போனதும் மூதாதையர் ஏழு தலைமுறையும் வரிசையாக எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நான் அந்தக் கைதட்டலில் மயங்கி நிற்க, எர்ன்ஸ்ட் தன் குவளையைக் கீழே வைத்துவிட்டார். முகம் இருண்டிருந்தது.

"உன்ர கூட்டாளிக்கு என்ர பியர் பிடிக்கேல்ல. மூண்டு தரமும் சுவரைப் பாத்துக் குடிக்கிறான். என்னை ஒருக்காவும் பாக்கேல்ல. வேலை இல்லை."

திரும்பிப் பார்த்தேன். சிவபாலன் பீப்பாய்ப் பக்கம் திரும்பி, தலையைக் குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு நின்றான். எனக்கு முன்னாலும் அவன் எப்போதும் அப்படித்தான் குடிப்பான். அதனாலேயே அது என் கண்ணில் படவில்லை.

"அண்ணை, மனுசன் என்னவாம்?"

"நீ ஏன் திரும்பி நிண்டனி எண்டு கேக்கிறார்."

"அப்பான்ர வயசு ஆளண்ணை. அவருக்கு முன்னால எப்பிடிக் குடிக்கிறது?"

என்னிடமிருந்த ஜெர்மன் சொற்களையெல்லாம் கூட்டி அள்ளினேன். எங்கள் ஊரில் தகப்பனுக்கு முன்னால் மகன் குடிக்க மாட்டான், உங்களை அந்த இடத்தில் வைத்திருக்கிறான், பியர் பிடிக்காமல் இல்லை, குவளையைப் பாருங்கள் என்றேன்.

எர்ன்ஸ்ட் குவளையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. மீசை கொஞ்சம் ஆடியது. இரண்டு குவளைகளை மறுபடி நிரப்பி, ஒன்றைச் சிவபாலனின் கையில் கொடுத்தார். பிறகு தானே மெல்லத் திரும்பி அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, எதிர்ச் சுவரைப் பார்த்து "ப்ரோஸ்ட்!" என்று கத்தினார்.

இருவரும் முதுகோடு முதுகாக நின்று குடித்தார்கள்.

"திங்கட்கிழமை வரச் சொல்லு," என்றார் சுவரிடம்.

சிவபாலன் அந்த நிலவறையில் வருடக்கணக்காக வேலை செய்தான். மனைவியை ஊரிலிருந்து இங்கே கூப்பிட்டதும் அந்தச் சம்பளத்தில்தான். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் முதல் பீப்பாய் திறக்கும்போது இருவரும் அப்படியே திரும்பி நிற்பார்கள். நடுவில் நான், இரண்டு பக்கமும் பார்த்துக் குடிக்கும் ஒரே பாக்கியசாலி.

போகிறவர்களுக்கு: வயிற்றை நிரப்பிக்கொண்டு போங்கள், வழுக்காத சப்பாத்துப் போடுங்கள், கார் ஓட்டாதீர்கள். "ப்ரோஸ்ட்" சொல்லும்போது கண்ணைப் பாருங்கள். பார்க்க முடியாவிட்டால் ஏன் என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். இந்த ஊர்ச் சனம் காது கொடுத்துக் கேட்கும்.

இலையுதிர்கால பியருக்குப் புள்ளி போட மறக்கவில்லை. பத்துக்குப் பத்தொன்பது. அதில் ஒன்பது பியருக்கு. மிச்சம் பத்தும் திரும்பி நின்ற அந்த முதுகுக்கு.