எத்தாளையில் திறந்த கதவு

நான் பல வருடங்கள் பாராளுமன்ற உறுப்பினராகவும், கொஞ்சக் காலம் அமைச்சராகவும் இருந்தவன். பதவி போன பிறகு, டீசலும் சமையல் காஸும் கிடைக்காமல் சனங்கள் அரசியல்வாதிகளின் வீடுகளை எரித்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மத்தியானம் எத்தாளை என்ற கடலோர ஊரில் என் வாகனத்தை ஒரு கூட்டம் மறித்தது. கண்ணாடி உடைந்ததும் இறங்கி ஓடினேன். முற்றத்தில் கருவாடு காயப்போட்டிருந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன்.

உள்ளே நின்ற பெண் ஒன்றும் கேட்காமல் என்னை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். வாசலில் குரல்கள் நெருங்கின.

"இங்க ஆராவது ஓடி வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரல்ல. உள்ள எங்கட வாப்பா சொகமில்லாமப் படுத்திருக்காரு. சத்தம் போடாதீங்க."

அந்த அறையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. கூட்டம் போன பிறகுதான் அவர் கதவைத் திறந்தார்.

"நான் ஆரெண்டு தெரியுமா, தங்கச்சி?"

"தெரியா. அடிக்கத் தொரத்துறாங்க எண்டு மட்டும் வெளங்கிச்சு. தண்ணி குடிங்க."

அவர் நீட்டிய கோப்பையை வாங்கிக் குடித்தேன். எத்தனையோ மேடைகளில் பெருமையாகச் சொன்ன என் பெயரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரும் அந்தக் கூட்டத்தைக் கூப்பிடுவாரோ என்று பயந்தேன். என்னைக் காப்பாற்றியவருக்கே பயந்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.