கேமராவுக்கு வாங்கிய காது மிஷின் பேட்டரி

போன ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டு முன்னறையில் ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு ரூபாய் நாணயத்தால் என் கேமராவின் அடிமூடியைத் திறந்தேன். என் மகளின் கல்யாணம் அந்த மூடிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. முதலிலிருந்தே சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பழைய ஜப்பான் கேமரா இருப்பது இந்தப் பக்கத்தை விடாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும். துபாயில் இருந்த மச்சினன் கொண்டுவந்து தந்தது. இப்போது வீட்டுக்கு வீடு டிஜிட்டல் வந்துவிட்டது. நான் இன்னும் ரோல் போட்டுத்தான் எடுக்கிறேன். கொள்கை ஒன்றும் இல்லை. பெயின்ட் கடையில் நாள் முழுக்க நின்றாலும் ஆட்களிடம் பேசக் கூச்சப்படுகிறவன் நான். விசேஷ வீடுகளில் முகத்தை மறைத்துக்கொள்ள எனக்குக் கனமாக ஏதாவது வேண்டியிருக்கிறது.

அந்தக் கேமராவுக்குள் வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஒன்று உண்டு. சின்ன முள். அது அசைய, சட்டைப் பித்தான் அளவில் ஒரு பேட்டரி வேண்டும் — மெர்க்குரி பேட்டரி. பாதரசம் விஷம் என்று அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் என் கேமரா என்ன செய்யும்?

நான் சேர்த்து வைத்திருந்த கடைசிப் பேட்டரியும் தீர்ந்தது. வாட்ச் கடைக்காரர் அதே உருவத்தில் வேறொன்று தந்தார். உருவம் ஒன்றுதான், சக்தி ஒரு நூல் கூடுதல். முள்ளுக்கு அது போதாதா? இல்லாத வெளிச்சத்தை எல்லாம் இருப்பதாகக் காட்டியது. அதை நம்பி எடுத்த திருவிழாப் படங்கள் முப்பத்தாறும் சுக்குக்காப்பி நிறத்தில் வந்தன. சப்பரம் எது, சாமியார் எது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

இதை இங்கே எழுதிப் புலம்பியிருந்தேன். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் போஸ்ட் கார்டு போட்டார். “காது மிஷினுக்குப் போடும் 675-ஆம் நம்பர் பேட்டரி வாங்கவும். சக்தி பழையதற்குக் கிட்டத்தட்ட சமம். அளவு கொஞ்சம் சிறிது. சுற்றி ரப்பர் வளையம் போடவும்.” அவ்வளவுதான். நலம் விசாரிப்புகூட இல்லை. இப்படிப்பட்ட மனிதர்களை எனக்குப் பிடிக்கும்.

ரப்பர் வளையம் குளச்சலில், மீன்பிடிப் படகு இன்ஜின் பழுதுபார்க்கிற கடையில் கிடைத்தது. அளவு பார்க்கக் கேமராவையே கொண்டுபோயிருந்தேன். மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது எத்தன குதிரை சக்தி? கடல்ல ஓடுமா?”

சிரித்துவிட்டு வந்தேன். வளையம் ஆயிற்று. பேட்டரிக்கு நாகர்கோவில் போனேன். அங்கேதான் வினை காத்திருந்தது.

காது மிஷின் கடையில் ஒரு இளம்பெண் இருந்தாள். “யாருக்கு சார்? உங்களுக்கா?” என்று உரக்கக் கேட்டாள். அந்தக் கடைக்கு வருகிறவர்களிடம் அப்படித்தானே பேச முடியும்?

‘இல்லம்மா, கேமராவுக்கு’ — இரண்டே வார்த்தை. சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அவள் “கேமராவுக்கா?” என்பாள். பெஞ்சில் இருக்கும் நாலு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் மெர்க்குரி, மீட்டர், முள் என்று எல்லாவற்றையும் விளக்க வேண்டும்...

தலையை ஆட்டிவிட்டேன்.

“எந்தக் காது?”

வலது காதைத் தொட்டுக் காட்டினேன். இறங்கியாயிற்று, இனி எப்படி ஏறுவது?

ஆறு பேட்டரி உள்ள அட்டையை நீட்டியபடி அவள் பாடம் எடுத்தாள். “ஸ்டிக்கரக் கிழிச்சிட்டு அஞ்சு நிமிசம் காத்து பட வையுங்க சார்! பொறவு காதுல மாட்டுங்க! கேக்குதா?”

எனக்குக் கேட்டது. தெருவுக்கும் கேட்டது. பக்கத்து மருந்துக் கடையில் நின்ற ஸ்டெல்லாவுக்கும் கேட்டது. ஸ்டெல்லா என் மனைவி புஷ்பத்தின் சித்தி மகள்.

பஸ் பிடித்து நான் எங்கள் ஊர் கருங்கல் வந்து சேர்வதற்குள் செய்தி போனில் வந்து சேர்ந்திருந்தது.

“இஞ்ச பாருங்க, ஸ்டெல்லா எல்லாம் சொன்னா. எம்புட்டு நாளா இது?” என்றாள் புஷ்பம்.

“எது?”

“என்கிட்ட மறைக்காதிய. நான் மூணு வட்டம் கூப்பிட்டாலும் நீங்க ஏன்னு கேக்க மாட்டிய. திமிருன்னுல்லா நெனச்சேன். பாவம் மனுசன்!”

இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக என் மேல் அவளுக்கு இரக்கம் வந்திருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லைதான். ஆனாலும் உண்மையைச் சொன்னேன். கேமராவில் போட்டும் காட்டினேன். முள் ஒழுங்காக நின்றது. புஷ்பம் நம்பினாள். நம்பிய உடனேயே கோபம் வந்தது.

“ஜெனிக்குக் கல்யாண ஆலோசனை வந்திருக்க நேரத்துலயா இந்தச் சோலி பாத்திய?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் மகள் ஜெனி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் சர்ச் உபதேசியார் மூலமாகத் திற்பரப்புப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் அனிஷ் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக், லீவில் வந்திருந்தான். இரண்டு பேரும் மூன்று முறை போனில் பேசியிருந்தார்கள். ஜெனிக்குப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை உபதேசியார் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றார்.

“அந்த வீட்டுல கேட்டாவ. பெண்ணுக்க அப்பாவுக்குக் காது கேக்காதாமே, உள்ளதான்னு.”

“நீங்க என்ன சொன்னிய?” என்றாள் புஷ்பம்.

“நான் என்னத்தச் சொல்ல? ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து பாருங்கன்னு சொல்லிட்டேன்.”

“இவருக்கு நல்லாக் கேக்கும்லா!”

உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். எனக்கு வார்த்தை சேர்ந்து வருவதற்குள் அவர் தலையை அசைத்துக்கொண்டே போய்விட்டார். பாருங்கள், கூச்சம் இருக்கிறதே... தூரத்திலிருந்து பார்த்தால் அதற்கும் செவிட்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அன்று ஜெனி என்னிடம் சத்தம் போடவில்லை. “அப்பா, எனக்கு இந்த ஆலோசனை பிடிச்சிருக்கு. ஒங்க பேட்டரியால இது போச்சுன்னா எனக்குச் சங்கடமாட்டு இருக்கும்” என்று மட்டும் சொன்னாள். சத்தம் போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு ஜீப் வந்தது. அனிஷ், அவன் அப்பா ராஜமணி, அம்மா, தங்கை, கூடவே உபதேசியார். ராஜமணிக்கு அறுபது வயதிருக்கும். காது மூடுகிற அளவுக்கு முடி வளர்த்திருந்தார். அந்த வயதில், அந்த வேட்டிக்கு, அது ஒட்டவே இல்லை.

உட்கார்ந்ததும் கூரை அதிர ஒரு குரல்.

“வீடு கொள்ளாம், நல்லாருக்கு! எப்பக் கெட்டுனது?”

நான் வழக்கமாகப் பேசுகிற குரலில் — அது என் சட்டையின் இரண்டாவது பித்தான் வரைதான் போகும் — வருஷத்தைச் சொன்னேன். அவர் புன்னகையுடன் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து,

“எப்பக் கெட்டுனது?”

மறுபடியும் சொன்னேன். மறுபடியும் தலையாட்டினார். சோதிக்கிறாரா? ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டு, இரண்டு தரமும் ஒரே பதில் வருகிறதா என்று பார்க்கிறாரா?

தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போனேன். புஷ்பம் ஏத்தங்காய் சிப்ஸைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“கேட்டியளா? ஒங்களுக்குக் கேக்கட்டும்னுல்லா அந்த மனுசன் தொண்ட கிழியக் கத்துதாரு. போய் உள்ளதச் சொல்லுங்க.”

“நீ சொல்லேன்.”

“காது எனக்குள்ளதா, ஒங்களுக்குள்ளதா?”

காப்பித் தட்டுடன் நின்ற ஜெனி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு நான் எப்படி உட்கார முடியும்? அலமாரியிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

“எனக்குக் காது நல்லாக் கேக்கும்!”

என் குரலைக் கேட்டு நானே பயந்துபோனேன். சிப்ஸ் கடிக்கிற சத்தம் நின்றது.

“நான் பேட்டரி வாங்குனது காதுக்கில்ல... இதுக்கு.”

அப்புறம்தான் அந்த ஒரு ரூபாய் நாணயம். மூடியைத் திறந்தேன், பேட்டரியை உள்ளங்கையில் தட்டினேன். மெர்க்குரி ஏன் வருவதில்லை, வாட்ச் கடைப் பேட்டரி ஏன் சரிப்படாது, ரப்பர் வளையம் எதற்கு — எல்லாம் சொன்னேன். நான் வாழ்நாளில் ஒரு கூட்டத்தின் முன் இவ்வளவு பேசியதில்லை.

யாரும் சிரிக்கவில்லை. அனிஷ் தரையைப் பார்த்தான். அவன் அம்மா முந்தானையைத் திருகினாள். ராஜமணி மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்து வந்தார். பேட்டரியை எடுத்தார். நகத்தால் ரப்பர் வளையத்தைக் கழற்றினார். “வேண்டாம்” என்று அவர் மனைவி மெல்லச் சொன்னதை அவர் கவனிக்கவே இல்லை. வலது காதுப் பக்கம் முடியை ஒதுக்கினார். காதுக்குப் பின்னாலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு மிஷின் வந்தது. சின்னக் கதவைத் திறந்து, உள்ளே இருந்த பேட்டரியைத் தட்டிவிட்டு, என்னுடையதைப் போட்டு, காதில் மாட்டிக்கொண்டார். அது கொஞ்சம் விசிலடித்தது. முகத்தைச் சுளித்தார்.

பிறகு பேசினார். என்ன மென்மையான குரல்!

“வாற வழியில செத்துப்போச்சு, சவம். நீங்க சொன்னது ஒண்ணும் எனக்குக் கேக்கல்ல அண்ணாச்சி. மொதல்ல இருந்தே சொல்லுங்க.”

அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான்தான் வெளிய சொல்லாண்டாம்னேன். குவைத்துல பதினெட்டு வருசம் ஜெனரேட்டர் ரூம்ல நின்ன மனுசன். அதுல போனது காது. பரம்பரையா உள்ளது இல்ல. சொன்னா நாலு பேரு நம்பணும்லா? பையனுக்குப் பெண்ணு கிட்டணும்லா?”

“முடி வெட்டக்கூட விட மாட்டா” என்றார் ராஜமணி.

“ஆமா, இப்பச் சொல்லுங்க!” என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினாள். “ஒங்களுக்கும் காது கேக்காதுன்னு கேள்விப்பட்ட பொறவுதான் அண்ணே, இவரு பொறப்படவே சம்மதிச்சாரு. அதுவர நான் வர மாட்டேன்னு ஒரே பிடியாட்டு இருந்தாரு.”

யோசித்துப் பாருங்கள். எது இந்தச் சம்பந்தத்தைக் கெடுத்துவிடும் என்று மூன்று நாள் நாங்கள் சோறு இறங்காமல் கிடந்தோமோ, அதுதான் அவர்களை ஜீப் ஏற்றியிருக்கிறது. ஸ்டெல்லாவுக்கு நான் ஒரு சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

முதலில் ஜெனிதான் பேசினாள். காப்பியை அவர் கையில் கொடுத்தாள்.

“மாமா, நல்லாக் கேக்கா இப்போ?”

“கேக்குது மக்ளே.”

“அப்பச் செரி. கல்யாணத்துக்குப் பொறவும் நான் வேலைக்குப் போவேன். கேட்டுதா?”

ராஜமணி காப்பியை ஒரு மிடறு குடித்தார்.

“கேட்டுது. எல்லாருக்கும் கேட்டுது” என்று தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “நீ போ மக்ளே. எவன் தடுப்பான்?”

அனிஷ் அப்போதுதான் தரையிலிருந்து கண்ணை எடுத்தான். புஷ்பம் வாசல் நிலையில் சாய்ந்து பெருமூச்சு விட்ட சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் நெஞ்சில் வெள்ளிக்கிழமையிலிருந்து உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது.

நாமெல்லாம் இப்படித்தான், இல்லையா? எதிர்வீட்டுக்காரர் எதைப் பார்த்துவிடக் கூடாது என்று முடி வளர்த்து மூடுகிறோமோ, அதே ஒன்றை அவரும் எங்கேயோ மூடி வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பார்.

இருட்டுவதற்கு முன் முற்றத்தில் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தேன். முள் அசையவில்லை. அதன் பேட்டரி சம்பந்தியின் காதில் இருந்தது. அட்டையில் இன்னும் ஐந்து உண்டு. ஆனால் ஸ்டிக்கரைக் கிழித்து ஐந்து நிமிஷம் காத்திருந்தால் வெயில் போய்விடும். மீட்டர் இல்லாவிட்டாலும் கேமரா வேலை செய்யும். குத்துமதிப்பாக வைத்து அழுத்தினேன். புதன்கிழமை பிரிண்ட் வந்தது. கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். ராஜமணி முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, நேராகப் பார்த்து நிற்கிறார்.

அட்டையில் மிச்சமிருந்ததை அவருக்கே கொடுத்துவிட்டேன். ஜீப் ஏறும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “உள்ளதச் சொன்னா எனக்கு ஒரு சின்ன வருத்தம் அண்ணாச்சி. ஒங்களுக்கும் கேக்காதுன்னுதான் ஆசையா வந்தேன். விசேஷ வீட்டுல நாம ரெண்டு பேரும் ஒரு மூலையில பேசாம, நிம்மதியாட்டு இருந்திருக்கலாம்.”

அதற்குக் காது கேட்காமல் இருக்க வேண்டியதில்லை சம்பந்தி, என்று சொல்ல நினைத்தேன்... கூச்சமாக இருந்தது, சொல்லவில்லை.